வீட்டில் கட்டும் ஆர்கேட் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்: எங்கே வைப்பது, எப்படி இணைப்பது

கேள்வி இதுதான்: பழைய கம்ப்யூட்டரையும் 24 அங்குல எல்.சி.டி. திரையையும் வைத்து, வீடியோ கேம் கடைகளில் இருப்பதுபோல் நின்று விளையாடும் ஆளுயர ஆர்கேட் பெட்டி ஒன்றை வீட்டிலேயே கட்டுகிறீர்கள். விளையாட்டுகள் மேம் எமுலேட்டரில், அதாவது பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளில், ஓடுகின்றன. கையில் ஒரு 2.1 கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் செட் இருக்கிறது, அதாவது சின்ன ஸ்பீக்கர் இரண்டும், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கு சப்வூஃபர் ஒன்றும். அதன் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்து ஸ்பீக்கரை மட்டும் பலகையில் பொருத்தலாமா? சப்வூஃபரை எங்கே வைப்பது? ஒரே சுவிட்சில் எல்லாம் ஓட வேண்டும், முடியுமா? இணைத்துப் பார்த்தபோது கேட்ட உறுமலை எப்படிப் போக்குவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தும், தனி ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியதில்லை. சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டோடு அப்படியே திரைக்கு மேலே வையுங்கள். சப்வூஃபர் பெட்டியின் அடித்தளத்தில் இருக்கட்டும். கூட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஏன் பொருந்துகிறது என்றால், அது செய்யப்பட்டதே கிட்டத்தில் உட்கார்ந்து கேட்பவருக்காக. மேசையில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் அரை மீட்டர், கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆர்கேட் பெட்டி முன்னால் நிற்கும்போதும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஒலி விஷயத்தில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் 83 டெசிபெல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டரில் அது 89 ஆகிவிடும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் இன்னும் 3 டெசிபெல் கூடும். 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது தொழிற்கூடங்களில் பின்பற்றும் அளவுகளில் ஒன்று. அப்படியென்றால் வெறும் 1 வாட்டிலேயே வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகச் சத்தம் வந்துவிடுகிறது. ஆகவே 5 வாட் செட்டா 20 வாட் செட்டா என்று குழம்ப வேண்டாம். வாட்டைப் பத்து மடங்கு ஏற்றினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். அட்டைப் பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்டை நம்பவே வேண்டாம். அதற்கு ஒழுங்கான அளவீட்டு முறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள்.

அசல் ஆர்கேட் இயந்திரங்களில் என்ன இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும். விளையாட்டு இருக்கும் மின்சுற்றுப் பலகையை (போர்டை) பெட்டியோடு இணைக்க 1985இல் ஜப்பானில் கொண்டுவந்த ஜம்மா இணைப்பு முறையில் மொத்தம் 56 முனைகள். அதில் ஒலிக்கு இரண்டுதான்: ஸ்பீக்கர் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. ஆம்ப்ளிஃபயரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகும் விளையாட்டு போர்டிலேயே இருக்கும். பெட்டியில் இருப்பது வெறும் ஸ்பீக்கர், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. 1991இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மோனோதான், அதாவது இடது வலது பிரிவு இல்லாத ஒரே ஒலி. அதே வரிசையில் 1993இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல்தான் கியூசவுண்ட் என்ற ஸ்டீரியோ முறை சேர்ந்தது. நம் ஊரில் ‘முஸ்தபா’ என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும், அந்த காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் விளையாட்டும் 1993தான், அதுவும் கியூசவுண்ட். ஆகவே 80களின் விளையாட்டுகளை மட்டுமே ஆடப்போகிறீர்கள் என்றால் இடது வலது பற்றி அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. 90களின் விளையாட்டுகள் வேண்டும் என்றால் இரண்டு ஸ்பீக்கரும் ஒழுங்காக இடம் வலமாக இருப்பது நல்லது.

ஒலியின் தன்மை பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் இசையை யமஹாவின் எஃப்.எம். (ரேடியோ அல்ல, செயற்கையாக ஒலி உருவாக்கும் ஒரு முறை) சிப் ஒன்று உருவாக்குகிறது. ‘ஹடோகென்’ முதலான குரல்களும் அடிச் சத்தங்களும் வேறொரு சிப்பில் இருந்து வருகின்றன. அந்தக் குரல்களின் பதிவு நொடிக்குச் சுமார் 7,600 மாதிரிகள்தான். அப்படிப் பதிந்ததில் அந்த எண்ணிக்கையில் பாதியான 3,800 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. எனவே குரல் தெளிவாக இல்லை என்று டிரெபிளை, அதாவது மேல் அலைவரிசையை, ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். குரலும் அடியும் நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் நடு அலைவரிசை சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு ஸ்பீக்கர் காதைப் பார்த்து இருக்க வேண்டும். பேஸுக்கும் வேலை இருக்கிறது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ‘தும் தும் தும் தும்’ என்று இறங்கும் நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அதன் வேகம் கூடும். அந்தப் பதற்றம் முழுவதும் பேஸில்தான் இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். பெயர்ப் பலகை, அதாவது விளக்கு எரியும் மார்க்கீ, அதற்கும் திரைக்கும் நடுவில் முன்பக்கமாகக் கீழ்நோக்கிச் சாயும் ஒரு குறுகிய பலகை இருக்கும். அசல் பெட்டிகள் பலவற்றில் ஸ்பீக்கர் இருந்த இடம் அதுதான், இன்றுவரை அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒலி மேலிருந்து நேராக முகத்துக்கு வரும். கண் பார்க்கும் இடமும் காது கேட்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பொத்தான்களும் கைப்பிடியும் இருக்கும் கன்ட்ரோல் பேனலுக்குக் கீழே, முழங்கால் பக்கம் வைப்பவர்கள் உண்டு. அங்கே வைத்தால் பேனல் பலகையும் விளையாடுபவரின் உடலும் மேல் அலைவரிசையை மறைத்துவிடும். சத்தம் வரும், தெளிவு வராது. பக்கவாட்டுப் பலகையில் வெளிப்பக்கமாக வைத்தால் விளையாடுபவரைத் தவிர அறையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்.

சாய்வுப் பலகையில் துளை போடும் விதத்தில்தான் பலருக்குச் சறுக்குகிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் 5, 6 மி.மீ. துளைகளாக வட்டமாகப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு துளையும் 18 மி.மீ. நீளக் குழாயாகிவிடுகிறது. மொத்தத் திறப்பும் குறைவு. ஒலி அடைத்துக்கொண்டதுபோல் மங்கலாக வரும். ஸ்பீக்கர் கூம்பின் முழு விட்டத்துக்கும் ஒரே வட்டமாக வெட்டுங்கள். ஜிக்சா போதும், நான்கு அங்குலம் வரை ஹோல் சா கிடைத்தால் இன்னும் சுத்தமாக வரும். வெட்டிய பிறகு துளையின் விளிம்பை அரத்தாலோ ரவுட்டராலோ சாய்வாகச் சீவிவிடுங்கள். முன்பக்கம் உலோக கிரில் வைத்து மூடுங்கள். கார் ஆடியோ கடைகளில் 4 அங்குலம், 5 அங்குலம், 6 அங்குலம் என்று கிரில் தனியாகவே கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் இந்த வேலைக்கான ஒயர், ஜாக், கிரில் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். சின்ன துளைகளின் தோற்றம்தான் வேண்டும் என்றால் அந்த இடத்தில் மட்டும் 3 மி.மீ. தடிமனுக்கு மேல் போகாத தகடோ ஹார்ட்போர்டோ வைத்து அதில் துளை போடுங்கள். எம்.டி.எஃப். வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு மிகவும் கெடுதல்.

ஸ்பீக்கர் கூட்டின் முன்முகம் துளையின் பின்பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் ஒலி பெட்டிக்குள் சிதறி ஒரு குடத்துச் சத்தம் வரும். துளையைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டி, அதன்மேல் ஸ்பீக்கரை அழுத்தி வைத்து, பின்னால் இருந்து எல் வடிவக் கிளாம்போ உலோகப் பட்டியோ போட்டு இறுக்குங்கள். கூட்டின் மேல் திருகு போட்டுத் துளைக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வெல்க்ரோ மட்டும் நம்பித் தலைக்கு மேல் தொங்கவிடவும் வேண்டாம். கோடையில் மார்க்கீ விளக்கின் சூட்டில் பசை இளகி ஒருநாள் திரை மேல் விழும்.

இப்போது கூட்டைப் பிரிக்கும் விஷயம். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று நேரெதிர். நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் தாழ்ந்த அலைவரிசையில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், பேஸ் காணாமல் போகும். பலகையில் பொருத்தினால் ஓரளவு தடுப்பு கிடைக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் சின்ன ஸ்பீக்கரை அந்தச் சின்னக் கூட்டுக்குள் இருக்கும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்துக் கணக்குப்போட்டுத்தான் செய்திருப்பார்கள். அந்தக் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அதைப் பிரித்து, ஆளுயரப் பெட்டியின் பெரிய வெற்றிடத்தில் விட்டால் கூம்பு அளவுக்கு மீறி ஆடும். சத்தம் ஏற்றும்போது கரகரக்கும், நாளடைவில் கூம்பின் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள் உரசும். பெட்டிக்குள் இருக்கும் ஒயரும் பலகையும் கம்ப்யூட்டர் மின்விசிறியும் சேர்ந்து அதிரும். பிரித்துவிட்டு “முன்பு மேசையில் நன்றாக இருந்ததே” என்று வருத்தப்படுபவர்களுக்கு நடப்பது இதுதான்.

பிரிக்க வேண்டிய நிலைமை எது? கூடு பெரிதாக இருந்து மார்க்கீக்குப் பின்னால் அடங்கவே இல்லை என்றால் வேறு வழியில்லை. அப்படிப் பிரித்தால் ஸ்பீக்கருக்குப் பின்னால் சின்ன மரப்பெட்டி ஒன்றைத் தனியாக அடித்துக் கொடுங்கள். பழைய கூட்டின் உள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கொள்ளளவை எடுத்து, அதே அளவு வருமாறு 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து மூலைகளை சிலிகானால் அடைத்தால் போதும். கூட்டில் பேஸுக்காகக் காற்று வந்துபோகும் குழாய் இருந்திருந்தால் அதையும் அப்படியே எடுத்து மாட்டுங்கள். வெட்ட வேண்டிய துளையின் விட்டத்தை ‘4 அங்குல ஸ்பீக்கர்’ என்ற பெயரை வைத்து முடிவுசெய்யக் கூடாது. திருகுத் துளைகள் இருக்கும் விளிம்பு வெளியே நிற்க, அதற்குப் பின்னால் உள்ள கூடை போன்ற சட்டம் மட்டும் உள்ளே போக வேண்டும். அந்தக் கூடையின் விட்டத்தை அளந்து 2 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சுவரில் செருகும் 230 வோல்ட் ஒயர் நேராக ஸ்பீக்கர் கூட்டுக்குள் போகிறதா? அப்படியென்றால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரோ, எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றோ இருக்கிறது. 2.1 செட்டில் அது சப்வூஃபர் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். வெளியே தனி அடாப்டர் இருக்கும் செட், அல்லது யூ.எஸ்.பி.யில் 5 வோல்ட் வாங்கும் செட் என்றால் அந்தப் பயம் இல்லை.

சப்வூஃபருக்கு வருகிறேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். உங்கள் பெட்டியின் உயரத்தைவிடப் பெரிது. அதனால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. பெட்டியின் அடியில் எங்கு வைத்தாலும் சரிதான். ஆனால் மலிவான 2.1 செட்டுகளில் சின்ன ஸ்பீக்கர்கள் மிகவும் சின்னவை என்பதால் சப்வூஃபர் 150, 200 ஹெர்ட்ஸ் வரைகூடப் பாடும். அந்த அளவில் திசை கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும். அதற்காக சப்வூஃபரை ஒரு மூலையில் தள்ளாமல் இடவலமாக நடுவில் வையுங்கள். காற்றுக் குழாயின் வாய்க்கு முன்னால் குறைந்தது ஒரு சாண் இடம் விடுங்கள். பெட்டியின் பின்கதவில் கீழ்ப்பகுதியில் பெரிய திறப்பு ஒன்று வெட்டி வலை அடித்துவிட்டால் பேஸும் வெளியே வரும், கம்ப்யூட்டரின் சூடும் வெளியே போகும். முழுவதும் மூடிய பெட்டிக்குள் சப்வூஃபரை அடைத்தால் பாதி பேஸ் பலகையை ஆட்டுவதிலேயே போய்விடும்.

சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் பாதமோ தடிமனான ஃபோமோ கட்டாயம் வேண்டும். நேராகத் தரைப் பலகையில் உட்கார்ந்தால் பெட்டி முழுவதும் அதிரும், மாடி வீடு என்றால் கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்கும். பழைய கம்ப்யூட்டர் என்கிறீர்கள், அதில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் சப்வூஃபர் இருக்கும் அதே தட்டில் வைக்காதீர்கள், அதிர்வு அதற்கு ஆகாது. முடிந்தால் சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு மாறிவிடுங்கள்.

சின்ன ஸ்பீக்கரின் ஒயர் அடியிலிருந்து மார்க்கீ வரை எட்டாமல் போகலாம். முக்கால் சதுர மி.மீ. ஸ்பீக்கர் ஒயர் வாங்கி நீட்டிக்கொள்ளுங்கள். கோடு போட்ட ஒயர் எது, போடாதது எது என்று இரு முனையிலும் கவனித்து இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். மோனோ விளையாட்டுகளில் ஒலி மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அதில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி வர வேண்டும்.

ஒரே சுவிட்ச் விஷயம், இதில்தான் ஸ்பீக்கர் செட்டைத் தேர்ந்தெடுப்பதே அடங்கியிருக்கிறது. பின்னால் ‘டக்’ என்று விழும் சாதாரண சுவிட்சும், கையால் திருகும் ஒலிக் குமிழும் உள்ள பழைய மாதிரி செட் என்றால் அதிர்ஷ்டம். ஆன் செய்து குமிழைத் திருப்பி வைத்துவிட்டால், மின்சாரம் வந்தவுடன் அதே நிலையில் பாடும். ரிமோட்டும் புளூடூத்தும் விரலால் தொடும் பொத்தானும் உள்ள புதிய செட்டுகள் பலவற்றில் மின்சாரம் போய் வந்தால் ஸ்டாண்ட்பையில் நிற்கும், அல்லது புளூடூத்தில் போய் நின்று உரத்த குரலில் அறிவிப்புச் செய்யும், ஒலி அளவும் நீங்கள் வைத்த இடத்தில் நிற்காமல் ஆரம்ப அளவுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். உங்கள் செட் எந்த ரகம் என்று இப்போதே சோதித்துவிடுங்கள்: பாட்டு ஓடும்போது சுவர் சுவிட்சை அணைத்து, பத்து நொடி கழித்துப் போடுங்கள். தானாகப் பாட ஆரம்பித்தால் பெட்டிக்குள் போகலாம். இல்லாவிட்டால் அதை வேறு எதற்காவது வைத்துக்கொண்டு, குமிழ் வைத்த எளிய செட்டாகப் பாருங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டர், திரை, ஸ்பீக்கர், மார்க்கீ விளக்கு எல்லாவற்றையும் ஒரே நல்ல ஸ்பைக் பஸ்டரில் செருகி, அதைப் பெட்டியின் உள்ளே அடியில் திருகிவிடுங்கள். கம்ப்யூட்டரின் பயாஸில், அதாவது ஆன் ஆகும்போதே நுழையக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், மின்சாரம் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தெரிவு இருக்கும். அதை ‘பவர் ஆன்’ என்று மாற்றினால் ஸ்பைக் பஸ்டரைப் போட்டவுடன் கம்ப்யூட்டரும் எழுந்துவிடும். அணைக்கும்போது மட்டும் முதலில் கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு அப்புறம் சுவிட்சை அணையுங்கள்.

அடாப்டரை ஒழித்துவிட்டு, கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மஞ்சள் ஒயரில் இருந்து 12 வோல்ட் எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். அடாப்டரின் லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் என்று இருந்தாலும் அது ஏ.சி.யாக இருக்கலாம், பழைய ஸ்பீக்கர் செட்டுகளில் அப்படி உண்டு. டி.சி.யாகவே இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்ப்யூட்டருக்குள் ஓடும் எல்லாச் சலசலப்பும் அந்த ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். சொந்த அடாப்டரே நல்லது.

உறுமலுக்கு வருவோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றாமல் செய்தால் ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். ஸ்பீக்கர் ஆனில் இருக்கும்போதே 3.5 மி.மீ. பின்னைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, நுனியைத் தொடாமல் தனியாக விடுங்கள். அப்போதும் உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு ஸ்பீக்கர் செட்டுக்குள்ளேயே. பழைய செட் என்றால் பில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருக்கக் கூடும், ரேடியோ மெக்கானிக் மாற்றிக் கொடுத்துவிடுவார். கழற்றியதும் நின்றுவிட்டால், அந்தப் பின்னை ஹெட்போன் ஜாக் உள்ள ஒரு செல்போனில் செருகுங்கள், போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. சுத்தமாகப் பாடினால் ஸ்பீக்கரில் குறையில்லை, கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நடுவில் எர்த் வளையம் உருவாகியிருக்கிறது. இரண்டு கருவிகள் எர்த் ஒயர் வழியாக ஒரு தடவையும் ஆடியோ ஒயரின் உறை வழியாக இன்னொரு தடவையும் இணைந்திருப்பதால், அந்த வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒலியாகக் கேட்கிறது.

எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போட்டாலே பல வீடுகளில் இது அடங்கிவிடும். அடங்காவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கேளுங்கள். உள்ளே இரண்டு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், ஒயர் தொடர்பு அறுந்துவிடும். மலிவானவற்றில் அடி பேஸ் கொஞ்சம் குறையும், இந்த விளையாட்டுகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. எர்த் பின்னை உடைத்தோ, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் போட்டோ உறுமலை நிறுத்த எவராவது சொல்லிக்கொடுத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். காசு போடும் உலோகக் கதவான காயின் டோர், உலோகப் பொத்தான் எல்லாம் குழந்தைகளின் கை படும் இடம். எர்த் இல்லாமல் மின்கசிவு வந்தால் அந்த இடமெல்லாம் ஷாக் அடிக்கும்.

உறுமலாக இல்லாமல், மௌஸை நகர்த்தும்போதும் படம் மாறும்போதும் ‘கீச் கீச்’ என்று கேட்டால் அது வேறு நோய். முன்பக்க ஆடியோ ஜாக்கை விட்டுவிட்டு மதர்போர்டின் பின்னால் இருக்கும் பச்சை ஜாக்கில் செருகுங்கள். யூ.எஸ்.பி.யில் மின்சாரம் வாங்கும் ஸ்பீக்கர் என்றால் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி ஒரு செல்போன் சார்ஜரில் போடுங்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் விலை குறைந்த யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் வைக்கும் எண்ணம் வந்தால் இதையே செய்யுங்கள். 2023இல் வந்த பை 5-இல் 3.5 மி.மீ. ஜாக்கே கிடையாது, அதற்கு முந்தையவற்றில் இருக்கும் ஜாக்கின் ஒலித் தரம் சுமார்தான். ஆடியோ ஒயரும் 230 வோல்ட் ஒயரும் பெட்டிக்குள் ஆளுக்கொரு பக்கமாக ஏறட்டும். ஒன்றை ஒன்று கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். மார்க்கீயில் நிறம் மாறும் எல்.இ.டி. பட்டி போட்டிருந்தால் அதை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள், சில சமயம் இரைச்சலுக்குக் காரணமே அதன் கன்ட்ரோலர்தான்.

ஒலியை அன்றாடம் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். உங்கள் செட்டில் ஒயரோடு வரும் குமிழ் தனியாக இருந்தால் அதையே கன்ட்ரோல் பேனலின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடலாம். விளையாடுபவருக்குக் கை எட்டும், கண்ணில் படாது. சின்னப் பிள்ளைகள் வரும் வீடு என்றால் காயின் டோருக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள். குமிழ் ஸ்பீக்கர் கூட்டிலேயே இருந்தால் அதைப் பிடுங்கி நீட்டிக்கும் வேலையில் இறங்காமல், கம்ப்யூட்டருக்கு ஒரு யூ.எஸ்.பி. ஒலிக் குமிழ் வாங்கிப் பேனலில் பொருத்துவது எளிது. அளவு வைக்கும் முறை இதுதான்: விண்டோஸ் ஒலியை 80 சதவீதத்தில் வைத்து, இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடும் விளையாட்டை ஓட்டி, கரகரப்பு தொடங்குவதற்கு முந்திய இடத்தில் ஸ்பீக்கர் குமிழை நிறுத்துங்கள். இனி அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளையும் அணைத்துவிடுங்கள், விளையாட்டின் நடுவில் ‘டிங்’ என்று கேட்டால் எரிச்சலாக இருக்கும். எச்.டி.எம்.ஐ.யில் திரையை இணைத்திருந்தால், ஒலி வெளியேறும் இடமாகத் திரையை விண்டோஸ் சில சமயம் தானே தேர்ந்துகொண்டுவிடும். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை என்று ஒயரை எல்லாம் பிடுங்குவதற்கு முன் அந்தத் தெரிவைப் பாருங்கள்.

மேமில் விளையாட்டுக்கு விளையாட்டு ஒலி அளவு ஏறி இறங்கும். அசல் போர்டுகளிலேயே அப்படித்தான், கடைக்காரர் ஒவ்வொன்றிலும் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார். மேமில் விளையாட்டு ஓடும்போது டேப் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் ஒலியைத் தனித்தனியாகச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதே பட்டியலில், விளையாட்டின் அமைப்புகளை மாற்றும் டிப் சுவிட்ச் என்ற பகுதிக்குப் போனால் பல விளையாட்டுகளில் ‘டெமோ சவுண்ட்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டால், ஆள் இல்லாதபோது தானாக ஓடும் காட்சிகளில் சத்தம் வராது, காயின் போட்ட பிறகுதான் ஒலி தொடங்கும். வீட்டில் பெட்டி வைப்பவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

பின்னாளில் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு அசல் ஜம்மா போர்டு மாட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதன் ஸ்பீக்கர் முனையில் வருவது ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயர் கடந்த ஒலி. அதை அப்படியே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் 3.5 மி.மீ. பின்னுக்குக் கொடுத்தால் கரகரக்கும், செட்டும் கெடலாம். ஸ்பீக்கருக்குப் போகும் பலமான ஒலியைக் குறைத்துத் தரும், காரில் பயன்படுத்தும் ஹை-லோ கன்வெர்ட்டர் நடுவில் வேண்டும். அல்லது சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை நேராக இணைத்துவிடலாம். எல்.சி.டி.யைக் கழற்றிப் பழைய படக்குழாய் டிவி வைக்கும் ஆசை வந்தாலும் ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்க வேண்டும். காந்தக் கவசம் இல்லாத ஸ்பீக்கர் படக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் திரையின் மூலையில் நிறம் திட்டுத்திட்டாக மாறும். எல்.சி.டி.க்கு அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் பொருத்தி முடித்த பிறகு ஒரு மாலை நேரத்தை அதிர்வு தேடுவதற்கு ஒதுக்குங்கள். செல்போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்று போட்டு, அதை ஸ்பீக்கரில் இணைத்து, 40 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வோர் அலைவரிசையிலும் ஏதாவது ஒன்று கடகடக்கும்: காயின் டோரின் தகடு, மார்க்கீயின் அக்ரிலிக், திரையைச் சுற்றிய பெசல், பின்கதவு, தொங்கும் ஒயர். சத்தம் வரும்போது கையால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அக்ரிலிக் ஓரத்தில் ஃபோம் டேப், காயின் டோர் விளிம்பில் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டி, ஒயருக்குக் கேபிள் டை என்று ஒவ்வொன்றாக அடக்குங்கள். பின்கதவை மூடிய பிறகு ஒரு தடவை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். திறந்திருந்தபோது அமைதியாக இருந்த பலகை மூடியதும் பாட ஆரம்பிக்கும்.